கூட்டுறவுச் சங்கம் யாருக்கு, எப்போது, என்ன கணக்கு காட்ட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள், சில நேரம் சாதாரண உறுப்பினர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. கடன் சங்கம், பால் சங்கம், நெசவாளர் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் என எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் துணைவிதியில், அதாவது சங்கம் தனக்கென எழுதிப் பதிவு செய்த விதிகளில், வேறு காலக்கெடு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஒரு மாநிலத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கம் என்றால் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 என்று இருக்கும். அதற்கான விதிகள் 1988-இல் வந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் உறுப்பினர் வைத்திருந்தால் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 2002. அதற்கு அதிகாரி டெல்லியில் இருக்கும் மத்தியப் பதிவாளர்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். குடியிருப்போர் நலச் சங்கம், ஊர் நற்பணி மன்றம், கோயில் விழாக் குழு போன்றவை பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானவை. பெயரில் சங்கம் இருந்தாலும் அவை கூட்டுறவு அல்ல. அவற்றின் ஆண்டுக் கணக்கு பத்திரப்பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரிடம் போகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குக் கம்பெனிப் பதிவாளர்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் நிதி அறிக்கையையும் 60 நாளுக்குள் ஆண்டு விவரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். கீழே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.

பதிவாளர் என்றால் ஒருவர்தானே?

இல்லை. கடன் சங்கங்களுக்கும் பண்டகசாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர். பால் சங்கங்களுக்குப் பால்வளத் துறை, நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை, மீனவர் சங்கங்களுக்கு மீன்வளத் துறை, வீட்டுவசதிச் சங்கங்களுக்குத் தனிப் பதிவாளர். இவர்களைச் செயற்பதிவாளர் என்பார்கள். சட்டம் ஒன்றேதான், அதிகாரி மட்டும் மாறுகிறார். நடைமுறையில் நீங்கள் அன்றாடம் பார்ப்பது மண்டல இணைப்பதிவாளர், சரகத் துணைப்பதிவாளர் அலுவலகங்களைத்தான். பால், கைத்தறி என்றால் அந்தந்தத் துறையின் மாவட்ட அலுவலகம்.

மார்ச் 31 அன்று சங்கத்தில் என்னென்ன நடக்க வேண்டும்?

ஆண்டு முழுக்கத் தரப்போகும் எல்லா அறிக்கைக்கும் அடிப்படை அன்றைய மாலைதான். பலர் இதை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், ஞாபகத்திலிருந்து செய்கிறார்கள். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

அன்று வரவு செலவை நிறுத்திய பிறகு கைரொக்கத்தை எண்ணி, எத்தனை ஐந்நூறு ரூபாய்த் தாள், எத்தனை இருநூறு, எத்தனை நூறு, சில்லறை எவ்வளவு என்று நாள்வழியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நகைக் கடன் கொடுக்கும் சங்கமாக இருந்தால் பெட்டகத்தைத் திறந்து, நகைப் பொட்டலங்களைக் கடன் எண் வரிசையில் அடுக்கி, நிலுவைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். கடன் பேரேட்டில் 212 கணக்கு நிலுவை என்றால் பெட்டகத்தில் 212 பொட்டலம் இருக்க வேண்டும். 211 இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

உரக் கிடங்கில் யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூட்டைகளைத் தனித்தனியே எண்ணி இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கிழிந்த மூட்டை, கெட்டிப்பட்ட மூட்டை எல்லாம் தனி வரியில் வரட்டும். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் உள்ள எல்லாக் கணக்குக்கும், கடனுக்கும் வைப்புக்கும் சேர்த்து, மார்ச் 31 தேதியிட்ட இருப்புச் சான்று வாங்குங்கள். வங்கி இருப்பும் உங்கள் பேரேட்டு இருப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஒத்திசைவுப் பட்டியல் அன்றே எழுதப்பட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது எந்தக் காசோலை எப்போது மாறியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

தணிக்கை யார் செய்வார்கள்? எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்?

1983 சட்டத்தின் 80-ஆவது பிரிவு தணிக்கையைப் பற்றியது. தமிழ்நாட்டில் பெரும்பாலான சங்கங்களை அரசின் கூட்டுறவுத் தணிக்கைத் துறைதான் தணிக்கை செய்கிறது. பால் சங்கங்களுக்குத் தனித் தணிக்கை அமைப்பு உண்டு. நிதியாண்டு முடிந்து ஆறு மாதம், அதாவது செப்டம்பர் 30 என்பதுதான் மனதில் வைக்க வேண்டிய தேதி.

தணிக்கை முடிந்ததும் தணிக்கைச் சான்று, தணிக்கை அறிக்கை, குறைபாடுகளின் பட்டியல், தர வகைப்பாடு ஆகியவை வரும். பலர் தரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் சங்கத்துக்கு வேலை வைப்பது குறைபாட்டுப் பட்டியல். ஒவ்வொரு குறைபாட்டுக்கும் நிவர்த்தி அறிக்கை எழுதி, நிர்வாகக் குழுவில் வைத்து, பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு வருடமாக அதே வாசகத்தில் அதே குறைபாடு வந்துகொண்டிருந்தால், அந்தச் சங்கத்தில் யாரும் தணிக்கை அறிக்கையைப் படிப்பதில்லை என்று அர்த்தம். மேலதிகாரிகளுக்கும் அது அப்படித்தான் தெரியும்.

தணிக்கையாளர் வரவே தாமதமாகிறது. அதற்கும் நாங்கள்தான் பொறுப்பா?

பாதி. ஆள் ஒதுக்குவது உங்கள் கையில் இல்லை. ஆனால் கணக்கை முடித்து, இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் பட்டியல்களும் தயார், தணிக்கைக்கு ஆள் அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏப்ரல் மாதமே அந்தக் கடிதம் போகட்டும். அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். பின்னால் வருமான வரித் துறையிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்ல நேர்ந்தால், அந்த ஒப்புகை ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி.

பதிவாளருக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

அரசியல் சட்டத்தில் 97-ஆவது திருத்தம் ஒரு பட்டியலைத் தந்தது. 2012 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தை ஒட்டித் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின. பட்டியல் இதுதான்: சங்கத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, பேரவை, அதாவது உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பொதுக்கூட்டம், ஒப்புதல் கொடுத்த உபரிப் (இலாபப்) பகிர்வுத் திட்டம், துணைவிதியில் திருத்தம் செய்திருந்தால் அதன் பட்டியல், பேரவை நடந்த தேதியும் தேர்தல் உரிய காலத்தில் நடந்ததா என்ற உறுதிமொழியும். இவற்றோடு பதிவாளர் கேட்கும் பிற விவரங்கள். எல்லாம் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள்.

வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். தணிக்கை முடியாமல் பேரவையில் கணக்கு வைக்க முடியாது. பேரவை கூடாமல் உபரியைப் பகிர முடியாது. இரண்டும் இல்லாமல் பதிவாளருக்கு அறிக்கை தர முடியாது. ஆகவே ஆறு மாதம் என்பது இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஒரே அவகாசம். ஜூலைக்குள் தணிக்கை முடிந்தால்தான் செப்டம்பரில் மூச்சு விட முடியும்.

அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே? பிறகு எதற்கு இந்தப் பட்டியல்?

2021 ஜூலை 20 அன்று வந்த தீர்ப்பு அது. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் திருத்தத்துக்குப் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். அது வாங்கப்படவில்லை. ஆகவே கூட்டுறவு பற்றிய 9-பி பகுதி, மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. பல மாநிலச் சங்கங்களுக்கு அது தொடர்கிறது.

இதை வைத்து இனி கணக்கே காட்ட வேண்டாம் என்று சிலர் பேசினார்கள். தவறு. தணிக்கையும் பேரவையும் 1983 சட்டத்தில் முன்பே இருந்தவை. மாநிலச் சட்டமன்றம் தானே நிறைவேற்றிய திருத்தம் மாநிலச் சட்டமாகவே நிற்கும். சங்கச் செயலாளரின் மேசையில் இந்தத் தீர்ப்பால் ஒரு தாள்கூடக் குறையவில்லை.

பேரவையில் என்ன வைக்க வேண்டும்? கையெழுத்து வாங்கினால் போதாதா?

போதாது. தணிக்கை அறிக்கையும் குறைபாடுகளும் அதற்கு என்ன செய்தோம் என்பதும் பேரவையில் படிக்கப்பட வேண்டும். உபரியை எப்படிப் பிரிப்பது என்பது பேரவையின் முடிவு. காப்பு நிதிக்கு எவ்வளவு, கூட்டுறவுக் கல்வி நிதிக்கு எவ்வளவு, பங்கு ஈவு எவ்வளவு என்று தீர்மானத்தில் தொகையாகவே வர வேண்டும்.

சட்டம் கேட்கும் அறிக்கைகள் எல்லாவற்றிலும் முக்கியமானது இது என்பது என் கருத்து. பதிவாளருக்குப் போகும் அறிக்கை அதிகாரிக்கு, வருமான வரி விவரம் அரசுக்கு, பேரவையில் வைக்கும் கணக்கோ பணத்தின் சொந்தக்காரருக்கு. தேநீரும் மிக்சரும் கொடுத்து, பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் பேரவைகள் உண்டு. அப்படிப்பட்ட பேரவைத் தீர்மானம் பின்னால் விசாரணையில் நிற்காது. நான் கையெழுத்துப் போட்டது வருகைக்கு என்று பத்து உறுப்பினர் சொன்னால் முடிந்தது.

கூட்டுறவுச் சங்கத்துக்கு வருமான வரியே கிடையாதாமே? பிறகு ஏன் கணக்குத் தாக்கல்?

வரி கிடையாது என்பது சரியல்ல. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80பி (80P) பிரிவு, உறுப்பினருக்குக் கடன் கொடுப்பது போன்ற சில வருமானங்களுக்கு முழுக் கழிவு தருகிறது, அதாவது அந்த வருமானத்தை வரிக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். கழிவு என்றால் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் உரிய தேதிக்குள் விவரம் தாக்கல் செய்து கேட்க வேண்டும். 80ஏசி பிரிவு 2018-19 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2017-18 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, இந்த நிபந்தனையைக் கூட்டுறவுக்கும் நீட்டியது. தேதி தப்பினால் கழிவு இல்லை.

வேறு சட்டத்தின்படி கணக்கு தணிக்கை செய்யப்பட வேண்டியவர்களுக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. கூட்டுறவுச் சங்கம் அதில் வரும். படிவம் ஐடிஆர்-5. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறும். 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமும் பழைய எண்களும்தான்.

ஒரு நாள் தப்பினால் என்ன நட்டம்? எண்ணில் சொல்லுங்கள்.

பத்து லட்சம் ரூபாய் உபரி காட்டும் ஒரு கடன் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். முழுவதும் 80பி கழிவுக்குத் தகுதியான வருமானம். அக்டோபர் 31-க்குள் தாக்கல் செய்தால் வரி பூஜ்யம்.

தேதி தப்பினால், கூட்டுறவுச் சங்கத்துக்கான வரி விகிதம் வரும். முதல் 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம், அதாவது 1,000. அடுத்த 10,000-க்கு 20 சதவீதம், 2,000. மீதி 9,80,000-க்கு 30 சதவீதம், 2,94,000. மொத்தம் 2,97,000. அதன் மேல் 4 சதவீதம் செஸ் 11,880. ஆக 3,08,880 ரூபாய். தாமதக் கட்டணமும் வட்டியும் தனி. இதற்கு அதிகாரி உட்கார்ந்து விசாரிக்கக்கூட வேண்டாம். பெங்களூருவில் உள்ள மையத்தில் கணினி முறையில் செயலாக்கும்போதே கழிவை நீக்கி நோட்டீஸ் வரும்.

தணிக்கைக் குறைபாட்டுக்கு அஞ்சும் செயலாளர்கள் இந்தத் தேதிக்கு அஞ்சுவதில்லை என்பது எனக்கு எப்போதும் விளங்காத விஷயம்.

பழைய ஆண்டுகளில் ஏற்கெனவே தப்பிவிட்டது. வழி உண்டா?

இருக்கிறது, எளிதல்ல. தாமதத்தை மன்னிக்க வருமான வரிச் சட்டத்தின் 119-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். மாநிலச் சட்டத் தணிக்கை தாமதமானதால் 2018-19 முதல் 2022-23 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு விவரம் தாமதமாகத் தாக்கல் செய்த கூட்டுறவுச் சங்கங்களுக்காகவே மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூலை 26 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மன்னிக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆணையர்களிடம் கொடுத்தது. அங்கே பார்ப்பது எப்போது தணிக்கையாளர் நியமிக்கப்பட்டார், எப்போது தணிக்கை முடிந்தது, தாமதம் யாரால் என்பதைத்தான். மேலே சொன்ன ஒப்புகைக் கடிதம் இங்கேதான் வேலை செய்யும்.

அரசுத் தணிக்கையாளர் தணிக்கை செய்துவிட்டார். தனியாக ஆடிட்டர் வேண்டுமா?

வரவு ஒரு எல்லையைத் தாண்டினால் வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவின்படி வியாபார வரவு ஒரு கோடியைத் தாண்டினால் வரித் தணிக்கை உண்டு. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்கு மேல் போகாதவர்களுக்கு எல்லை பத்து கோடி. கூட்டுறவுத் தணிக்கை அறிக்கையோடு, பட்டயக் கணக்காளர் தரும் கூடுதல் அறிக்கையும் சேர வேண்டும். அதற்குச் செப்டம்பர் 30 கடைசி நாள். உர விற்பனையும் பொது விநியோகமும் செய்யும் கடன் சங்கம் ஒரு கோடியைச் சுலபமாகத் தாண்டும். கடன் சங்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

டிடிஎஸ் எங்களுக்கும் உண்டா?

டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. சம்பளம், வாடகை, ஒப்பந்தக்காரர் பில் எல்லாவற்றுக்கும் வரம்பைத் தாண்டினால் உண்டு. காலாண்டு விவரம் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், பிடித்த வரித் தொகை வரைக்கும்.

உறுப்பினருக்குத் தரும் வைப்பு வட்டிக்கு, கூட்டுறவு வங்கி அல்லாத சங்கம் பொதுவாகப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய ஆண்டு மொத்த வரவு 50 கோடியைத் தாண்டிய சங்கங்களுக்கு 2020 முதல் அந்தச் சலுகை இல்லை. பெரிய பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் இதில் மாட்டும். வங்கியிலிருந்து ரொக்கமாக எடுக்கும்போது வங்கி உங்களிடம் பிடிக்கும் வரிக்கு, கூட்டுறவுச் சங்கத்துக்கான வரம்பு 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு மூன்று கோடி.

ஜிஎஸ்டி?

ஆண்டு வரவு ஒரு எல்லையைத் தாண்டினால் பதிவு வேண்டும்: பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம், சேவையும் சேர்ந்தால் 20 லட்சம். இந்த வரவில் வரிவிலக்குப் பொருளும் கணக்கில் சேரும். பால் மட்டுமே வாங்கி விற்கும் தொடக்கப் பால் சங்கத்துக்குப் பதிவு தேவையில்லை. உரமும் பூச்சி மருந்தும் விற்கும் கடன் சங்கத்துக்குத் தேவைப்படலாம். பதிவு செய்துவிட்டால், விற்பனையே இல்லாத மாதமும் பூஜ்ய விவரம் தர வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மாதாமாதம் தரும் பட்டியல்களும் சட்டக் கடமையா?

மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி உங்களுக்குக் கடன் தருகிறது. கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் (கடனில் வர வேண்டியது, வந்தது, பாக்கி), பயிர்க்கடன் வட்டி மானியக் கோரிக்கை, நகைக் கடன் நிலுவை எல்லாம் அந்த உறவில் வருபவை. கடன் கொடுத்த வங்கிக்கு உங்கள் புத்தகங்களைப் பார்வையிடும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது.

தள்ளுபடி காலங்களில் இந்தப் பட்டியல்களின் மதிப்பு தெரியும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன் தள்ளுபடி. இரண்டாவதில் யாருக்குத் தகுதி என்று சரிபார்க்கச் சங்கங்களின் பதிவேடுகளை ஒன்றுவிடாமல் புரட்டினார்கள். பட்டியல் ஒழுங்காக இருந்த சங்கத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது.

மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் கொடுத்த கடன் சங்கக் கணினிமயத் திட்டம் 63,000 சங்கங்களுக்கு ஒரே பொது மென்பொருள் என்பது. பழைய இருப்புகளைத் தவறாக ஏற்றினால் அந்தத் தவறு ஒவ்வொரு நாளும் அறிக்கையாக மேலே போகும். ஆகவே ஏற்றிய தொடக்க இருப்பைக் கடைசித் தணிக்கை அறிக்கையோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.

கூட்டுறவு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி, நபார்டு, பண மோசடித் தடுப்புச் சட்டம் என்று வேறு ஒரு பெரிய அடுக்கு இருக்கிறது. மாதம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை அடுத்த மாதம் 15-க்குள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பது அதில் ஒன்று. அதை இங்கே விரிக்கவில்லை.

பல மாநிலச் சங்கத்துக்குக் கூடுதலாக என்ன?

2002 சட்டத்தின் 120-ஆவது பிரிவில், பதிவாளருக்குத் தர வேண்டியவை என்று மேலே சொன்ன பட்டியலே இருக்கிறது. 2023 திருத்தம் இரண்டைச் சேர்த்தது: நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினர் சங்கத்தில் வேலை செய்தால் அந்த விவரம், குழு உறுப்பினரோடு தொடர்புடையவர்களுடன் சங்கம் செய்த கொடுக்கல் வாங்கல் பற்றிய உறுதிமொழி. நல்ல சேர்க்கை. மச்சானின் லாரியை வாடகைக்கு எடுப்பது தவறல்ல, அதைச் சொல்லாமல் எடுப்பதுதான் தவறு. மாநிலச் சட்டத்திலும் இதை எழுதிவைத்தால் தேவலை.

தாக்கல் மத்தியப் பதிவாளரின் இணையதளம் வழியாக. பொய்யான விவரம் தந்தால் அபராதம் உண்டு. ஆண்டுப் பேரவையைக் கூட்டத் தவறினாலோ நிதி அறிக்கையை அங்கே வைக்கத் தவறினாலோ குழு உறுப்பினர்கள் மீண்டும் போட்டியிடும் தகுதியை இழப்பார்கள்.

பெண் ஊழியர் பாதுகாப்புக் குழு அறிக்கை எங்களுக்குமா?

ஆம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பணியிடம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கம் என்ற சொல் இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு ஆண்டறிக்கையை நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் தர வேண்டும். புகாரே வராத ஆண்டிலும் புகார் இல்லை என்று தர வேண்டும். தணிக்கையாளர் கேட்பதில்லை என்பதால் பெரும்பாலான சங்கங்களில் இது விட்டுப்போகிறது.

நான் சாதாரண உறுப்பினர். தகவல் உரிமைச் சட்டத்தில் சங்கக் கணக்கைக் கேட்கலாமா?

நேரடியாகச் சங்கத்திடம் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வரும். கேரளத்தின் தலப்பாலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசின் கணிசமான நிதியோ ஆழமான கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம், இந்தச் சட்டப்படி தகவல் தரக் கடமைப்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகாது என்றது. ஆனால் அதே தீர்ப்பு, பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்திடம் கேட்கலாம் என்றும் சொன்னது. ஆகவே மனுவை அங்கே போடுங்கள். தணிக்கை அறிக்கை, ஆண்டறிக்கை, விசாரணை அறிக்கை என்று ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எல்லாக் கணக்கும் வேண்டும் என்று எழுதினால் எதுவும் வராது. இன்னொருவரின் கடன், வைப்பு விவரம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

அதற்கு முன், உறுப்பினர் என்ற முறையில் சங்கத்திலேயே எழுதிக் கேட்டுப் பாருங்கள். துணைவிதி, இருப்புநிலைக் குறிப்பு, உங்கள் சொந்தக் கணக்கு இவற்றைப் பார்க்கத் தகவல் உரிமை மனுவே தேவையில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லை, அதற்குப் பதிலாக நியமிக்கப்பட்ட செயலாட்சியர்தான் இருக்கிறார். அப்போதும் இதெல்லாம் உண்டா?

உண்டு. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தபின் பல சங்கங்கள் இந்த நிலையில் இருக்கின்றன. குழுவின் இடத்தில் செயலாட்சியர் கையெழுத்திடுவார். தேதிகள் மாறா. ஒருவரே பல சங்கங்களைப் பார்ப்பதால் கோப்பு அவர் மேசையில் கிடந்து தேதி போவது உண்டு. செயலாளர்தான் பின்தொடர வேண்டும்.

அறிக்கை தராவிட்டால், பொய்யாகத் தந்தால் என்ன ஆகும்?

தாமதமும் பொய்யும் ஒன்றல்ல. தாமதத்துக்கு விளக்கம் கேட்பு, அபராதம், கழிவு இழப்பு. பொய்க்கு வேறு பாதை. 1983 சட்டத்தின் 81-ஆவது பிரிவில் விசாரணை, 82-இல் ஆய்வு. அதில் சங்கத்துக்கு இழப்பு என்று தெரிந்தால் 87-இல் தண்டத்தீர்வை. இழப்பை ஏற்படுத்தியவர் வட்டியோடு கட்ட வேண்டும். பதவியிலிருந்து போனவரையும் அது தொடரும். குழுவே கடமை தவறினால் 88-இல் குழுவைக் கலைக்கலாம். குற்றச் செயல் இருந்தால் காவல்துறை வழக்கு தனி.

கவனிக்க: தண்டத்தீர்வை கையாடியவருக்கு மட்டுமல்ல. வேண்டுமென்றே அலட்சியமாக இருந்து இழப்புக்கு இடம் கொடுத்தவருக்கும் பாயும். தலைவர் சொன்னார், கையெழுத்துப் போட்டேன் என்ற பதில் அங்கே எடுபடுவதில்லை.

சங்கத்தில் கையாடல் கண்டுபிடித்தோம். பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார். மேலே சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அன்றே, எழுத்தில். துணைப்பதிவாளருக்கு ஒன்று, கடன் கொடுத்த வங்கிக்கு ஒன்று. திருப்பிக் கட்டியதை வரவு வைக்கும்போது என்ன வகை வரவு என்று நாள்வழியில் உண்மையாக எழுதுங்கள். தற்காலிக முன்பணம் திரும்பியது என்று எழுதினால், கையாடியவரின் குற்றத்தோடு உங்கள் பொய்க் கணக்கும் சேர்ந்துகொள்ளும். வேலை போய்விடுமே, குடும்பம் இருக்கிறதே என்று இரக்கப்பட்டு மறைத்த செயலாளர்தான் கடைசியில் முதல் எதிரியாக நிற்கிறார்.

ஆண்டுக்கு நடுவில் தெரிவிக்க வேண்டியவை உண்டா?

துணைவிதித் திருத்தம் முக்கியமானது. பேரவை தீர்மானம் போட்டால் மட்டும் திருத்தம் உயிர் பெறாது, பதிவாளர் பதிவு செய்த பிறகே செல்லும். இடையில் புதிய வரம்பில் கடன் கொடுத்துவிட்டால் அது தணிக்கையில் விதிமீறலாக வரும். முகவரி மாற்றம், குழுவில் காலியிடம், செயலாளர் மாற்றமும் தெரிவிக்க வேண்டியவை. செயலாளர் மாறும்போது வரித் துறை இணையதளக் கடவுச்சொல், அதில் பதிந்த கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வரட்டும். ஓய்வு பெற்றுப் போனவரின் கைபேசிக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும் சங்கங்கள் ஏராளம்.

எங்கள் சங்கம் பல வருடமாக இயங்கவே இல்லை. வரவும் இல்லை, செலவும் இல்லை. அதற்கும் அறிக்கையா?

பதிவு இருக்கும்வரை ஆம். பூஜ்யக் கணக்குக்கும் தணிக்கை உண்டு. பழைய வைப்பு, பழைய நிலுவை, கட்டடம், அலமாரி, தராசு எல்லாம் இன்னும் சங்கத்தின் பெயரில்தான் இருக்கின்றன. இனி நடத்த முடியாது என்று தெளிவாகத் தெரிந்தால், பேரவையில் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் கலைப்புக்கு எழுதுங்கள். 1983 சட்டத்தின் 137-ஆவது பிரிவில் கலைப்பு ஆணை வந்து கலைப்பு அலுவலர் பொறுப்பேற்றதும் புத்தகங்களையும் சொத்துகளையும் பட்டியல் போட்டு அவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை ஒவ்வொரு மார்ச் 31-க்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.